மலைக்கு ஒரு மைக்

செஞ்சியில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு முதல் எதிரி மலை. எந்தப் பக்கம் பாக்ஸைத் திருப்பினாலும் எதிரே ஒரு பாறை நிற்கும். நாம் அனுப்பிய சத்தத்தை அது வாங்கி வைத்துக்கொள்ளாது, திருப்பி அனுப்பிவிடும். திருவிழாவுக்கு வரும் கூத்துக்காரர்கள் ஒரு வரியைப் பாடிவிட்டு, பின்னாலேயே வரும் தங்கள் குரலைக் கேட்டு அடுத்த வரியை மறந்து நிற்பார்கள். மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டும் அது பிடிக்கும். தாங்கள் சொன்னதை யாரோ பெரிய மனிதர் ஆமோதிப்பதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. என் பெயர் இளையபெருமாள். பஜாரில் கடை. இந்த எதிரொலியோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலை வழுக்கையாகிவிட்டது.

அதே எதிரொலியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பெயர் வாங்கியவள் நீலாஞ்சனா. அவளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததை எல்லாம் நானும் படித்தேன். ஒருவர் 'பேஸ் கிடாரின் ராணி' என்று எழுதியிருந்தார். ஒயரை ஒழுங்காகச் சுருட்டத் தெரியவில்லை என்று ராணி என்னிடம் திட்டு வாங்கியதை அவர் பார்த்ததில்லை. பார்க்காதவர்கள்தான் எழுதுகிறார்கள் என்பதால், பார்த்தவன் நானும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

அவளுடைய அப்பா விருஷபதாஸ் மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பூர்வீகம் தொண்டூர். பரம்பரையான சமணக் குடும்பம். ஊரில் நைனார் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, வாயில் ஒரு பருக்கை படாது. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் சென்னைக்கு பி.காம் படிக்கப் போனவள், சித்தப்பா பையன் ஸ்ரேயாம்ஸைப் பார்க்க ஒரு இசைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். அவன் அங்கே கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தான். மூலையில் யாரும் தொடாத ஒரு பேஸ் கிடார் சாய்ந்து நின்றது. நாலே கம்பி. ஒன்றை இழுத்துப் பார்த்தாளாம். சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே வயிற்றில் கேட்டது என்று சொல்வாள். அன்றோடு பி.காம் முடிந்தது. விருஷபதாஸ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார், ராத்திரியில் சாப்பிடாமல் இருந்தால் சரி என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ஜாஸ். எனக்குப் புரிந்த வரையில் ஜாஸ் என்பது எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டை ஆரம்பித்து, ஆளுக்கொரு சந்தில் போய்ச் சுற்றிவிட்டு, சண்டை இல்லாமல் ஒரே வாசலுக்குத் திரும்பி வருவது. அதைக் கற்ற விரல்களை வைத்துக்கொண்டு, அலட்டாமல், பெருமூச்சு விடுகிற மாதிரி பாடினால் அதற்கு நியோ சோல் என்று பெயர். தாளம் தூங்கி வழிகிற மாதிரி இருக்கும், ஆனால் தூங்காது. முதலில் கேட்டபோது, யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இவர்கள் சரியாகிவிடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாலு பேர். பேஸ் நீலாஞ்சனா, கீபோர்டு ஸ்ரேயாம்ஸ், பாட்டு அவலூர்பேட்டை ஷோபனா, டிரம்ஸ் வல்லத்துச் சேரன். சேரனை எனக்கு முன்பே தெரியும். கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு டிரம் அடித்துக்கொண்டு போன பையன் அவன். அப்பா இல்லை. அம்மா ராஜம்மாள் ஊரார் நிலங்களில் கொல்லை வேலைக்குப் போய் வளர்த்தாள். யாரோ அவன் கையைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அழைத்துப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஜாஸ் படித்த பிறகும் அவன் ஒன்றும் மாறவில்லை. பாட்டு ஆரம்பிக்கும்முன் குச்சியோடு குச்சியை நாலு தரம் தட்டி எண்ணுவான், நாலாவது தட்டில் சிரிப்பான்.

கொரோனாவில் சென்னை மூடியதும் நாலு பேரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வல்லம் சாலையில் விருஷபதாஸுக்கு ஒரு மல்லாட்டைக் கொட்டகை உண்டு. எதிரே மொட்டைப் பாறை, நடுவில் தரிசு. காலையிலும் சாயங்காலமும் ஆட்கள் மூட்டை ஏற்றுவார்கள், உச்சி வேளையில் சாப்பிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். அந்த நேரம் மட்டும் இவர்களுக்கு. ஒலிப்பதிவு செய்ய என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இல்லாத காலம், போனேன்.

போன முதல் நாளே மலை வேலையைக் காட்டியது. சேரன் ஸ்நேர் டிரம்மில் ஓர் அடி அடித்தால் கொஞ்சம் பொறுத்துப் பாறையிலிருந்து அது திரும்பி வந்தது. தாளத்துக்குள்ளும் விழவில்லை, வெளியிலும் விழவில்லை; ஒரு மூச்சு பிந்தி விழுந்தது. ஸ்ரேயாம்ஸ் வாசலில் சாக்கு கட்டித் தொங்கவிடலாம் என்றான். நானும் அதைத்தான் சொன்னேன். சேரன் ஒத்துக்கொள்ளவில்லை.

“மலைதான் அடிக்குதே. நான் இன்னாத்துக்கு அடிக்கணும்?” என்றான்.

அடுத்த தரம் வாசித்தபோது அவன் இரண்டாவது அடியை அடிக்காமல் விட்டான். அந்த இடத்தில் மலை அடித்தது. நீலாஞ்சனா தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் அவர்களுடைய சத்தம் பிறந்தது, பிறந்தபோது நான் அங்கே இருந்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அன்றிலிருந்து மலைக்கு ஒரு மைக். கொட்டகை வாசலில், பாறையைப் பார்த்தாற்போல் ஸ்டாண்டு போட்டு வைப்பேன். மிக்சரில் அதற்கு ஒரு தனி சேனல், அதன்கீழ் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி 'மலை' என்று எழுதியிருந்தேன். மலை அடிக்கும்போதெல்லாம் அந்தச் சேனலில் சின்னப் பச்சை விளக்கு மினுங்கும். பேண்டுக்கும் மொட்டப்பாறை என்றே பெயர் வைத்தார்கள். என் தலையைப் பார்த்து வைத்த பெயர் என்று ஷோபனா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வெளியூர் போனால் மலை ஏது? சென்னையில் முதல் கச்சேரியில் சேரன் பழக்கதோஷத்தில் இரண்டாவது அடியை விட்டுவிட்டான். அங்கே ஓட்டை விழுந்தது. நீலாஞ்சனா அந்த ஓட்டைக்குள் கிடாரின் கனமான அடிக்கம்பியில் ஒரு தொனியை வைத்தாள், மலை எவ்வளவு பிந்துமோ அவ்வளவு பிந்தி. கேட்டவர்களுக்கு இடுப்பை யாரோ பின்னாலிருந்து மெதுவாகப் பிடித்து இழுத்த மாதிரி இருந்ததாம். அப்புறம் அதுவே சட்டமாகிவிட்டது. செஞ்சியில் வாசித்தால் அந்த இடம் மலைக்கு; வெளியூரில் நீலாஞ்சனாவுக்கு. புதுச்சேரி, பெங்களூரு, கொச்சி என்று போனார்கள். முதல் ஆல்பம் போனுக்குப் போன் தாவியது. இந்த இழுப்பை எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களிடம் சேரன், எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார், வயசு கொஞ்சம் அதிகம் என்பான்.

கச்சேரிகள் பொழுது சாய்ந்த பிறகுதான் நடக்கும். நீலாஞ்சனா மாலையிலேயே டப்பாவைத் திறந்து புளிசாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். கச்சேரி முடிந்து ஷோபனாவும் சேரனும் பிரியாணிக்கு அலையும்போது இவள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடிந்து சேரன் பைக்கை எடுக்கும்போது மட்டும் வாசல் வரைக்கும் வந்து, “போய்ட்டு வா, சேரா” என்பாள். தினமும் இதே வார்த்தை, இதே குரல்.

போன வருஷம் அறுவடைக் காலம். சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். போகிற வண்டிகள் மிதித்து உளுந்து உதிரும். உச்சி வேளை நெருங்கும் வெயிலில் சேரன் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தான். பைக் அந்தச் செடியில் சறுக்கியது. அவ்வளவுதான். அன்று பதிவு செய்ய வேண்டியது அவன் போட்ட மெட்டு, இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. நாங்கள் மைக் எல்லாம் வைத்துவிட்டு அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

சாவு வீட்டில் நீலாஞ்சனா அழவில்லை. அவர்கள் சமண வழியில் இறந்த உயிர் இங்கே நிற்பதில்லை. கண்மூடித் திறக்கும் நேரத்துக்குள் அடுத்த பிறப்புக்குப் போய்விடும். அதனால் திவசம் கிடையாது, படையல் கிடையாது. சின்ன வயதில் அவளுடைய அப்பா தொண்டூர்ப் பாறையில் இருக்கும் கற்படுக்கைகளைக் காட்டி, இங்கே உண்ணாமல் படுத்து உயிரை விட்ட முனிவர்கள் ஓர் ஆசையைக்கூட மிச்சம் வைக்காமல் போனார்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடையைத் தூக்கும்போது கிட்டே போய் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“போய்ட்டு வா, சேரா.”

வாய் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது. சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரி சட்டென்று நின்றது. சாவு வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். கிளம்புகிறவர்கள்கூட 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். ஒரு கிழவி, இந்தப் பொண்ணு இன்னா வார்த்தை சொல்லிப்புட்டா பாரு என்று முணுமுணுத்தாள். நீலாஞ்சனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ராஜம்மாள் மட்டும் அழுத கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக அல்ல.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் நீலாஞ்சனா என்னைக் கூப்பிட்டாள். அவன் பாட்டு அரைகுறையாக நிற்கக்கூடாது, முடித்து ராஜம்மாள் கையில் கொடுக்க வேண்டும் என்றாள். புது டிரம்மர் வேண்டாம். ஹெட்போனில் மட்டும் கேட்கும் டிக் டிக்கை வைத்துக்கொண்டு மூன்று பேரும் வாசிப்பார்கள். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அதுதான் அவனுக்கு மரியாதை என்று நினைத்தாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சேரனின் டிரம்ஸ் கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அதை நகர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. உச்சி வெயில். காற்று அசையவில்லை. தரிசில் ஆடுகள் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. நான் பழக்கத்தில் மலைக்கும் ஒரு மைக் வைத்துவிட்டிருந்தேன். அடிக்க ஆளில்லாதபோது மலை எதைத் திருப்பப் போகிறது என்று பிறகுதான் உறைத்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷோபனா மெதுவாக ஆரம்பித்தாள். முதல் அடி விழ வேண்டிய இடம் சும்மா கடந்து போனது. இரண்டாவது அடியின் இடம் வந்தது.

மிக்சரில் பச்சை விளக்கு மினுங்கியது.

ஒயர் லூசாக இருக்கும் என்று சேனலைத் தட்டினேன். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி மினுங்கியது. ஹெட்போனை மாட்டினேன். ஸ்நேர் சத்தம். சத்தம்கூட இல்லை, சத்தத்தின் வால். பாறையில் பட்டுத் தேய்ந்து வரும் அந்த மிச்சம் மட்டும். முன்னால் அடி இல்லாமல் எதிரொலி மட்டும் வந்துகொண்டிருந்தது. மூலையில் சாக்கு அசையவில்லை. வெளியே ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாம் ஒரே பக்கமாகப் பாறையைப் பார்த்து நின்றன. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் எதிரொலியோடு குடித்தனம் நடத்தியவன், அதைக் கேட்டு முதல் முறையாக எழுந்து நின்றுவிட்டேன்.

ஷோபனா பாடுவதை நிறுத்தினாள். மற்றவர்களின் கையும் நின்றது. மலை மட்டும் இன்னும் இரண்டு தரம் அடித்தது. பிறகு, நாங்கள் நிறுத்திவிட்டதைக் கவனித்த மாதிரி, அதுவும் நின்றது.

ஸ்ரேயாம்ஸ் படித்தவன். பாறைக்குப் பின்னால் யாரோ கல் உடைக்கிறார்கள் என்றான். நான் வெயிலில் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஆளும் இல்லை, உடைத்த கல்லும் இல்லை. அப்படியானால் ஹெட்போனிலிருந்து டிக் டிக் கசிகிறது என்றான். டிக் டிக்கை அணைத்துவிட்டு வாசித்தார்கள். மலை அடித்தது. அவன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நீலாஞ்சனா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். ஷோபனாவின் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் உச்சி வேளையில் ராஜம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குவாளி.

“என் புள்ள சத்தம் கேக்குதாமே” என்றாள்.

நான் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள். வாசித்தார்கள். மலை அடித்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மகன் பிறந்த அன்றைக்கு அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் மலைக்கு வைத்த மைக்குக்குப் பக்கத்தில் இலை போட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நைனார் வீட்டுக் கொட்டகையில் கருவாடு. நான் நீலாஞ்சனாவைப் பார்த்தேன். அவள் இலைக்கு நிழல் விழும்படி ஸ்டாண்டை நகர்த்திவைத்தாள்.

ராஜம்மாள் தினமும் தூக்குவாளியோடு வர ஆரம்பித்தாள். கொல்லை வேலையை விட்டுவிட்டாள். பதிவு செய்தது போதும் என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஒரே பாட்டைத் தினமும் வாசித்தார்கள். நடுவில் ஒரு மாற்றம் வந்தது. மலை பிந்த ஆரம்பித்தது. முதலில் ஒரு மூச்சு பிந்திய அடி, பிறகு இன்னும் கொஞ்சம். பாறை நகரவில்லை, எங்கள் கண் எதிரில் அங்கேயேதான் நின்றது. அடி மட்டும் ஏதோ தூரமான இடத்திலிருந்து, நாளுக்கு நாள் இன்னும் தூரமான இடத்திலிருந்து, வந்து சேர்ந்தது. சத்தமும் மெலிந்தது. ஆனால் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

அது பிந்தப் பிந்த, நீலாஞ்சனா அதற்காகப் பொறுத்து வாசித்தாள். அவள் பொறுத்ததால் பாட்டு இழுத்தது. கடைசியில் மலையின் அடி அடுத்த அடியின் மேலேயே போய் விழுந்தது. ஷோபனாவுக்கு எங்கே மூச்சு எடுப்பதென்று தெரியாமல் பாட்டு உடைந்தது. அவனுக்காகக் காத்திருந்தால் அவன் பாட்டையே முடிக்க முடியாது என்ற நிலை.

அன்று எல்லோரும் வாசிப்பதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். ராஜம்மாள் மூட்டையில் சாய்ந்திருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. யாரும் வாசிக்கவில்லை, யாரும் பேசவில்லை, ஆனாலும் எரிந்தது. நான் ஹெட்போனைக்கூட மாட்டவில்லை, அந்த அமைதியில் காதுக்கே கேட்டது. குச்சியோடு குச்சி. வெகு தூரத்திலிருந்து, மெதுவாக, நாலு தட்டு.

“கூப்புடறான்” என்றாள் நீலாஞ்சனா.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாலு தட்டு வந்தது. யாரும் ஆரம்பிக்கவில்லை. ஷோபனா எழுந்து வெளியே ஓடி வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். நீலாஞ்சனா கிடாரை மடியிலிருந்து இறக்கினாள். இத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே ராஜம்மாளின் முன்னால் தரையில் போய் உட்கார்ந்தாள்.

“வான்னு நான்தாம்மா சொல்லிட்டேன். அப்பறம் அவன் எடத்தையும் காலியா வுட்டு வெச்சிருக்கேன். போவவும் முடியாம, வரவும் முடியாம நடுவுல நிக்கறான். அந்த எடத்துல நான் வாசிச்சிட்டா அவன் வரமாட்டான்னு தோணுது. நீங்க சொன்னாதான் வாசிப்பேன்.”

ராஜம்மாள் வாசலில் கிடந்த இலையைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே அந்தச் சோற்றைக் காக்கை தொடவில்லை, நாய் தொடவில்லை. வெயிலில் காய்ந்து அப்படியே கிடக்கும், மறுநாள் அவளே எடுத்துப் போடுவாள்.

“எறும்புகூட வரல நீலா” என்றாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் சம்மதிக்கக்கூடாது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பெற்றவளுக்கு மிச்சமிருப்பது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள நாம் யார்?

மறுநாள் ராஜம்மாள் வந்தாள். கையில் தூக்குவாளி இல்லை. அதுதான் அவளுடைய பதில் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

ஷோபனா பாட ஆரம்பித்தாள். முதல் அடியின் இடம் கடந்தது. இரண்டாவது அடியின் இடம் வந்தது. நீலாஞ்சனாவின் விரல் அடிக்கம்பிக்கு மேலே வந்து நின்றது, இறங்கவில்லை. வெளியூர் மேடைகளில் எத்தனையோ தரம் வாசித்த தொனி அது. இங்கே வாசிக்க முடியவில்லை. அடுத்த சுற்றிலும் விரல் நின்றது. ரொம்பப் பிந்தி, ரொம்ப மெலிதாக மலையின் அடி வந்து சேர்ந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், முடியவில்லை என்று.

ராஜம்மாள் மூட்டையிலிருந்து எழுந்தாள். மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். ஸ்நேரின் மேல் அவன் வைத்துவிட்டுப் போன குச்சி இருந்தது. அதைக் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். ஷோபனா பாடிக்கொண்டே கண்ணால் கெஞ்சினாள், வேண்டாம் என்றா, சீக்கிரம் என்றா, எனக்குத் தெரியாது. முதல் அடியின் இடம் கடந்தது.

ராஜம்மாள் அடித்தாள். இடம் தப்பு. முந்திவிட்டாள். தாளம் தெரியாதவள், பயத்தில் கொஞ்சம் முன்னாலேயே கையை இறக்கிவிட்டாள். அடித்துவிட்டு வாசலைப் பார்த்து, சத்தம் போடாமல், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“போ.”

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படி அனுப்புவதில்லை. வாசல் வரைக்கும் வந்த பிச்சைக்காரனைக்கூட 'போய்ட்டு வா' என்றுதான் சொல்வோம். பெற்ற தாய் அதில் 'வா'வை விட்டுவிட்டுச் சொன்னாள். நீலாஞ்சனா அந்த நிமிஷமே வாசிக்க ஆரம்பித்தாள். ஷோபனா விடாமல் பாடினாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் நீலாஞ்சனாவின் அடிக்கம்பி நின்று பேசியது. பாட்டு கடைசி வரைக்கும் போய் முடிந்தது.

நான் மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை என்று எழுதிய சேனலில் விளக்கு எரியவில்லை. ராஜம்மாள் ஸ்நேரில் பலமாகத்தான் அடித்தாள், அந்த அடிகூடப் பாறையிலிருந்து திரும்பி வரவில்லை. பாட்டு முடிந்ததும் வாசலுக்குப் போய்க் கையைத் தட்டிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டுக் கூவிப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக நான் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்ன பாறை, ஒன்றும் சொல்லாமல் நின்றது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இன்றைக்கும் அந்தப் பாறை மட்டும் பேசுவதில்லை. மற்ற மலைகள் எல்லாம் பழையபடி என் உயிரை வாங்குகின்றன.

இரண்டாவது ஆல்பம் வந்தது. கடைசிப் பாட்டில் ஓர் இடத்தில் முந்தி விழும் அந்த அடியை எடுத்துவிடலாமா என்று ஸ்ரேயாம்ஸ் கேட்டதற்கு நீலாஞ்சனா அவன் கையிலிருந்து லேப்டாப்பையே வாங்கிவைத்துவிட்டாள். பத்திரிகைக்காரர் ஒருவர் அதைத் துணிச்சலான பரிசோதனை என்று எழுதினார். எழுதட்டும். இப்போது புதுச்சேரியிலிருந்து ஒரு புது டிரம்மர் வந்திருக்கிறான். நல்ல பையன், இரண்டாவது அடியை அவனும் விட்டுவிடுகிறான். செஞ்சியானாலும் சென்னையானாலும் அந்த இடம் இப்போது நீலாஞ்சனாவுக்குத்தான். ஒத்திகை முடிந்து யாராவது கிளம்பினால் அவள் வாசல் வரைக்கும் வருவாள், தலையை மட்டும் அசைப்பாள். போய்ட்டு வா என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மலைக்கு இன்னும் ஒரு மைக் வைக்கிறேன். நீலாஞ்சனா அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வைக்கச் சொல்வது ராஜம்மாள். கொல்லை வேலைக்கு மறுபடி போகிறாள், அது முடிந்து உச்சி வேளைக்கு வருவாள், என் பக்கத்தில் மூட்டையில் உட்கார்ந்துகொண்டு, பாட்டு முடியும்வரை அந்தச் சின்ன விளக்கிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். அது எரியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வீட்டுக்குப் போவாள்.